தலைமையாசிரியை எழுந்து நின்றார்

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம் இலக்கணத்துக்குப் போகும், மீதி நேரம் பயத்துக்குப் போகும். இலக்கணத்துக்குப் புத்தகம் இருக்கிறது. பயத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அதை நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஏறக்குறைய அத்தனை வருஷமாகவே, அது நடந்திருக்குமா என்று சந்தேகப்பட்டும் வருகிறேன். சந்தேகத்தோடு ஒரு கதையை எப்படி அவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்தது என்று இந்த ஐம்பத்தாறு வயதில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். 

ஏசி அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் ஒன்று கேட்க, தெரிந்த பதில் தொண்டையிலேயே நின்றுபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பதிலை அழகாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கஸ்தூரியின் மூன்று வாக்கியங்கள்

எங்கள் பயிற்சி மையம் தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. கடைகள் திறப்பதற்கு முன்னால், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. ஆரம்பித்தவர் ராஜகோபால் சார், மயிலாப்பூர்க்காரர். நான் பிழை திருத்துபவனாக இருந்த அச்சகம் மூடப்பட்டு, வேறு எந்த வேலையும் தெரியாமல் நின்றபோது என்னைக் கூப்பிட்டு பெஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தினார். சேர்ந்த அன்றே, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாள் சொல்ல வேண்டும் என்று இந்தக் கதையையும் ஒப்படைத்தார்.

கஸ்தூரி என்று ஒரு பெண். பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் வேலை. எங்களிடம் மூன்று வாரம் படித்தாராம். மகளைப் பள்ளியில் சேர்க்க இன்டர்வியூ வந்தது. குழந்தைக்கு இல்லை, அம்மாவுக்கு. கணவர் வெளியூரில் இருந்ததால் ராஜகோபால் சாரையே துணைக்கு அழைத்துப் போனார். சார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தலைமையாசிரியை ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, கஸ்தூரிக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. மூன்றே வாக்கியம் சொன்னார். "ஐ டோன்ட் நோ இங்கிலீஷ். ஐ ஆம் லேர்னிங். மை டாட்டர் வில் நோ." எனக்கு ஆங்கிலம் தெரியாது, கற்றுக்கொண்டிருக்கிறேன், என் மகள் தெரிந்துகொள்வாள். அதைக் கேட்டதும் அந்தத் தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

கதை அவ்வளவுதான். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். வகுப்பு தானாகவே கை தட்டும்.

நாலைந்து பேட்ச் போன பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. எங்கள் கையேட்டில் முதல் பாடம் சாதாரண நிகழ்காலம். இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் நிகழ்காலம். மூன்றாவது எதிர்காலம். கஸ்தூரி பயத்தில் உளறிய மூன்று வாக்கியங்களும் அதே வரிசையில் வந்திருந்தன. பயந்துபோனவர்கள் பாட வரிசைப்படியா பேசுவார்கள்? பிழை திருத்துகிறவனுக்கு இப்படித்தான் கண் போகும். ஒரு நாள் தைரியமாக, "சார், இது நிஜமா நடந்ததுதானா?" என்று கேட்டேன். ராஜகோபால் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னங்காணும் இப்படிக் கேக்கறீர்? அந்த ரூமுக்கு அரைக்கதவு. மேல் பாதி வழியா நன்னாத் தெரிஞ்சுது. அந்தம்மா எழுந்து நின்னதை என் ரெண்டு கண்ணாலயும் பாத்துண்டே இருந்தேன்."

தபால் தலை சேகரிப்பவர்கள்

எங்கள் மாணவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு உண்டு. மாதிரிக்குக் கொடுத்ததை மாதிரி என்று நினைக்க மாட்டார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சுய அறிமுகம் ஒன்று அச்சடித்திருந்தோம். பெயர், ஊர், குடும்பம் எல்லாம் கோடிட்ட இடங்கள். பொழுதுபோக்குக்கு மட்டும் ராஜகோபால் சார் ஏனோ கோடு போடாமல், "மை ஹாபி இஸ் ஸ்டாம்ப் கலெக்டிங்" என்றே அச்சடித்துவிட்டார். அவருடைய சின்ன வயசுப் பழக்கமாக இருக்கும். அதன் பிறகு எங்கள் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கிப்போன அத்தனை பேரும் தபால் தலை சேகரிப்பவர்களாக ஆனார்கள். பாத்திரக்கடைக்காரர், பிளவுஸ் பிட் விற்பவர், சமையல் கான்ட்ராக்டர், எல்லோரும்.

நகைக்கடையில் வேலை செய்யும் முருகேசன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெளிநாட்டு நகைக்கடை ஒன்றின் இன்டர்வியூவுக்குப் போனார். பேச்சு நன்றாகவே போயிருக்கிறது. கடைசியில் ஹாபி என்ன என்று கேட்க, இவர் தபால் தலை என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "காலையிலிருந்து நீங்கள் மூன்றாவது ஆள்" என்றாராம். எந்த நாட்டுத் தபால் தலை உங்களிடம் அதிகம் என்று வேறு கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் முருகேசன் ஒரு சங்கிலியைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்தே அது எந்த ஊர் வேலைப்பாடு என்று சொல்லக்கூடியவர். ஓய்வு நாளிலும் போய்க் கடைகடையாகக் கண்ணாடி வழியே நகை பார்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. அதைச் சொல்லலாம் என்று நான் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை. மறுநாள் என் முன்னால் வந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏன் சார், ஒண்ணு அந்த ஹாபிய மாத்துங்க, இல்லேன்னா எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு ஸ்டாம்பாவது குடுத்து அனுப்புங்க."

கை தட்டாதவர்

ஹாபியை எடுத்துவிட்டுக் கோடு போட்டேன். கதையை எடுக்கவில்லை. அது வேலை செய்துகொண்டிருந்தது. என்னோடு பாடம் எடுக்கும் ஸ்டெல்லா பெசன்ட் நகரிலிருந்து வருகிறவர். ராஜகோபால் சார் ஓய்வு எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் இருவரும்தான் மையத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அவரிடம் என் சந்தேகத்தைச் சொல்லும்போதெல்லாம், "உங்களுக்கு நம்பிக்கை இல்லாட்டி பரவாயில்ல சார், அவங்களுக்கு இருக்கே" என்பார். அடுத்த பேட்ச்சுக்கும் அதையே சொல்வேன்.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்த பேட்ச்சில் மும்தாஜ் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். புடவையின் கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் துணி தைத்து, குஞ்சம் கட்டிக் கொடுப்பவர். தினமும் காலையில் கே.கே. நகர்ப் பக்கத்திலிருந்து வந்து, நாலைந்து கடைகளில் புடவைகளை வாங்கிக்கொண்டு போவார். மகள் ஆயிஷா படிக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பள்ளியில் விண்ணப்பம் போட்டிருந்தார். ஐந்து வாரத்தில் இன்டர்வியூ. அம்மாவோ அப்பாவோ ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். "வண்டி நா ஓட்றேன், இங்கிலீஷ் நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டாராம்.

முதல் நாள் வழக்கம்போல் கஸ்தூரி கதையைச் சொல்லி, வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மும்தாஜ் மட்டும் தட்டவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திய விரல், அதனால் தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, "அஞ்சு வாரத்துல பேச வந்துடும்மா, பயப்படாதீங்க" என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "சீட் கெடச்சா போதும் சார். இங்கிலீஷ் வரலேன்னாலும் பர்வால்ல."

சந்தேக டப்பா

வாய்விட்டுச் சந்தேகம் கேட்க எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் கரும்பலகைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம். சனிக்கிழமை டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுப்பேன். தமிழில் எழுதியிருப்பதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதுவேன். எல்லோரும் மூன்று முறை சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான் முறை.

வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. இரண்டு வருஷமாக என்பதற்கு 'சின்ஸ்' போடுவதா, 'ஃபார்' போடுவதா? இது எந்த பேட்ச்சிலும் தவறியதே இல்லை. ஆரம்பித்த நாளைச் சொன்னால் 'சின்ஸ்', எவ்வளவு காலம் என்று சொன்னால் 'ஃபார்' என்பேன். தலையாட்டுவார்கள். அடுத்த சனிக்கிழமை அதே சீட்டு வரும். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்பது ஏன் தவறு என்று ஒருவர் கேட்டிருந்தார். டீ சாப்பிட்டுக்கொண்டிருப்பதை அப்படிச் சொல்லலாம், குழந்தைகள் எப்போதும் இருப்பவர்கள், ஆகவே "ஐ ஹேவ்" போதும் என்றேன். முதலாளியையும் 'யூ', வேலைக்காரனையும் 'யூ' என்றால் மரியாதையை எங்கே வைப்பது என்று இன்னொரு சீட்டு. குரலில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். எனக்கே அது போதுமானதாகப் படவில்லை.

அந்த பேட்ச்சின் முதல் வாரம் ஒரு சீட்டில் "அப்பறம் இன்னா ஆச்சி?" என்று இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பலகையில் "வாட் ஹேப்பண்ட் தென்?" என்று எழுதி, "வாட் வாஸ் ஹேப்பண்ட்" என்று சொல்லக் கூடாது என்று விளக்கினேன். வகுப்பு மூன்று முறை சொன்னது. அடுத்த சீட்டை எடுத்தேன். "போயிட்டு வரேன்" என்பதற்கு ஆங்கிலம் என்ன? ஒரு கம்பெனியில் விடைபெறும்போது "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொன்னவரை, திரும்பி வருவார் என்று மேனேஜர் மாலை வரை எதிர்பார்த்த கதையைச் சொல்லி, ஆங்கிலத்தில் 'பை' என்றால் போதும் என்றேன். பின் பெஞ்சிலிருந்த முருகேசனுக்கு அது ஒப்பவில்லை. இன்டர்வியூவில் தோற்றதற்காக இரண்டாவது முறையாகச் சேர்ந்திருந்தார். "அது எப்படி சார், வரேன்னு சொல்லாம ஒரு எடத்துலேர்ந்து கெளம்புறது? நல்லாவா இருக்கும்?"

ஃபால்ஸ் ஏன் தைக்கிறோம்

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் நல்ல மழை. வகுப்புக்கு வந்தது மும்தாஜ் மட்டும். நானும் ஸ்டெல்லாவும் இருந்தோம். மும்தாஜ் நனைந்த பையிலிருந்து புடவைகளை எடுத்து பெஞ்சில் பரப்பினார். ஸ்டெல்லா வகுப்பறைக்குள் தமிழ் பேச மாட்டார். ஒரு புடவையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இந்த ஃபால்ஸ் எதற்குத் தைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாடமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மும்தாஜ் புடவையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார். "நோ ஃபால்ஸ், சாரி ஃப்ளை, மேடம். வாக்கிங், லெக் கம்ஸ். ஃபால்ஸ் கிவ் வெயிட், சாரி ஸ்டாண்ட் நைஸ்." ஸ்டெல்லா விடவில்லை. இன்னும் தைக்காத ஒரு ஃபால்ஸ் துணியைக் காட்டி, இது ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார். "ரெயின் நோ, மேடம். ஐ புட் வாட்டர். ஃபர்ஸ்ட் வாட்டர், தென் டிரை, தென் ஸ்டிட்ச். நோ வாட்டர், ஆஃப்டர் வாஷிங் ஃபால்ஸ் பிகம் ஸ்மால், சாரி பிக். ஆல் சுருக்கம், சுருக்கம். கஸ்டமர் ஷவுட்டிங்." வெளிப்பக்கம் தையல் தெரியக் கூடாது, நூல் புடவையின் நிறத்திலேயே இருக்க வேண்டும், ஊசியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தார். எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு. பதினேழு பிழை வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை ஃபால்ஸை நனைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

"இதையே அங்க சொல்லுங்கம்மா" என்றேன். மும்தாஜ் சிரித்துவிட்டார். "இத்தெல்லாம் அங்க யாரு சார் கேக்கப் போறாங்க?" என்றார். கேட்கக்கூடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உங்களைப் பற்றிக் கேட்காமல் வேறு என்னதான் கேட்பார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உடனே அவர் முகத்தில் பயம் வந்துவிட்டது. அங்கே போய் எல்லாம் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். பயத்துக்கு என்னிடம் இருந்த ஒரே மருந்தைக் கொடுத்தேன். "மறந்துட்டா என்னம்மா, நம்ம கஸ்தூரி இருக்காங்களே" என்றேன். மும்தாஜ் தலையாட்டினார். "அந்த மூணு லைனும் நல்லா மன்ப்பாடம் சார். தூக்கத்துல எய்ப்பி கேட்டாலும் சொல்வேன்."

எழுந்து நின்றது

அடுத்த வாரம் முழுவதும் மும்தாஜ் வரவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"போனேன் சார். அந்தம்மா நல்ல மாரிதான் இருந்தாங்க. ஒக்காரச் சொன்னாங்க. வாட் டூ யூ டூன்னு கேட்டாங்க."

"தெரிஞ்ச கேள்விதானேம்மா."

"தெரிஞ்ச கேள்விதான். ஃபால்ஸுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள வாயில கஸ்தூரி வந்துட்டா சார். ஐ டோன்ட் நோ இங்கிலீஷ்னு ஆரம்பிச்சிட்டேன். ஆரம்பிச்சிட்டா நடுவுல எப்டி நிறுத்தறது? மூணையும் சொல்லிட்டேன். நீங்க சொல்ற மாரியே நிறுத்தி நிறுத்தி சொன்னேன்."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"எய்ந்து நின்னாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் கதை நிஜம்தான், பத்தொன்பது வருஷமாக நான் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. என் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அந்த ஒரு கணம் நான் பார்க்கவே இல்லை. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மும்தாஜ் தொடர்ந்தார். "எய்ந்து நின்னு, பர்வால்லம்மா, லிஸ்ட்டு போடுவோம், பாத்துக்கோங்கன்னு தமிள்ல சொன்னாங்க. அவங்களே வந்து கதவ தொறந்து விட்டாங்க. முடிஞ்சிது, கெளம்புன்னு அர்த்தம், வேற இன்னா? நேத்து லிஸ்ட்டு ஒட்னாங்க. ஆயிஷா பேரு இல்ல."  கீழே பாத்திரக் கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. "வர்ற திங்கக்கெயம வடபழனில இன்னொரு ஸ்கூலு கீது. அத்த விட்டா வேற ஸ்கூல் இல்ல. அங்கியும் இதையே சொல்லவா, வோணாவா?"

 சொல்ல வேண்டாம், ஃபால்ஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதையும் நம்பலாமா என்ற யோசனை இருந்தது. அது நியாயம்தான். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அத்த அப்பறம் பாத்துக்கலாம் சார். ஒங்க கஸ்தூரிக்கு அப்பறம் இன்னா ஆச்சின்னு மொதல்ல சொல்லுங்க. அன்னிக்கே டப்பால எய்திப் போட்டேன். நீங்க அத்த போர்டுல இங்கிலீஷ்ல எய்தி, எல்லாரையும் மூணு வாட்டி சொல்ல வெச்சிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்ட்டீங்க."

மயிலாப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ராஜகோபால் சார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இத்தனை வருஷம் நான் எதையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறேன்? கஸ்தூரி என்று ஒருத்தர் இருந்தாரா, மூன்று வாக்கியமும் அவர் வாயிலிருந்து வந்ததா, அல்லது சார் பிற்பாடு பாட வரிசைக்கு அடுக்கினாரா, ஒரு தலைமையாசிரியை ஒரு சேல்ஸ் பெண்ணுக்காக எழுந்து நிற்பாரா? எழுத்து எழுத்தாகப் பார்த்திருக்கிறேன். பிழை திருத்துகிறவனின் புத்தி இதுதான். ஒற்று விடுபட்டால் கண்ணில் படும். அதே பக்கத்தில் ஒரு குழந்தையே விடுபட்டிருந்தால் கண்ணில் படாது.

இன்னொன்றும் பஸ்ஸில்தான் புரிந்தது. சார் சொன்ன அரைக்கதவு. உட்கார்ந்திருந்த அவருக்கு அதன் மேல் பாதி வழியாக, எழுந்து நின்ற தலையும் தோளும் தெரிந்திருக்கும். அதைத்தான் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கஸ்தூரி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருப்பார். இருவரும் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்திருப்பார்கள். அந்த நடையில் கஸ்தூரி என்ன சொன்னார் என்பதை சார் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கை தட்டல் வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குக் கேட்பது?

அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கோ, வாங்கோ. ஆத்துல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்கா. காபி நான்தான் போடணும், குடிக்கற தைரியம் இருக்கா?" என்றார். இருவருமாகக் காபி போட்டுக்கொண்டோம். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். கஸ்தூரியைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவரே ஆரம்பித்தார். பட்டுப்புடவைக் கடை, வெளியூர்க் கணவர், பெஞ்சு, மறந்துபோனது, மூன்று வாக்கியம். குரல் நடுங்கினாலும் ஒரு சொல் மாறவில்லை.

"...சொல்லி முடிச்சாளோ இல்லையோ, அந்தம்மா அப்படியே எழுந்து நின்னுட்டா" என்றார். வழக்கமான இடத்தில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. நான் கை தட்டவில்லை. மும்தாஜ் என்று ஒரு அம்மா எங்கள் பேட்ச்சில் இருக்கிறார், நாளைக் காலை வடபழனியில் அவருக்கு இன்டர்வியூ, அதற்குள் அவரிடம் நான் ஒரு பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றேன். நான் எதைக் கேட்கப் போகிறேன் என்று சாருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எத்தனையோ பேருக்குக் கேள்வி வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுத்த நான், ஒரு பிஸ்கட் டப்பாவில் பிழையே இல்லாமல் எழுதிப் போட்டிருந்த கேள்வியைக் கடன் வாங்கித்தான் கடைசியில் அவரிடம் கேட்டேன்: "அவங்க எழுந்து நின்னாங்க சார், சரி, அப்புறம் என்ன ஆச்சு, அந்தக் குழந்தைக்கு சீட் கிடைச்சுதா?"